பிடிக்க ஆள் உண்டா? எல்ல பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில புத்திமதிகள்

பசறை, தெமோதரை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எல்ல டவுனுக்கு ஹோட்டல் வேலைக்கும் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கும் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "ஐயா, வெள்ளைக்காரங்க எல்எஸ்டிங்கிறாங்க, காளாங்கிறாங்க, அயவாஸ்காங்கிறாங்க. தன்னைத் தானே அறிஞ்சிக்கலாமாம். இதுல எது நல்லது?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, காயம் கட்டி, இரவில் லொறி பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றி அனுப்பியே வயது போனவன் நான். இந்தப் பொருட்களில் எதையும் நான் வாயில் வைத்ததில்லை. வைத்தவர்கள் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் சாமியாடுகிறவர்களைப் பிடித்தும் இருக்கிறேன். எடுக்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் காரணம் சொல்லாத "வேண்டாம்" இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எடுபடாது. அதனால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டே சொல்கிறேன்.

1. முதலில் இனம் பிரித்துக்கொள்.

போதை என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். கசிப்பு மூளையை மந்தமாக்கும். ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் தூக்கத்தையும் பசியையும் கொன்று ஆளை ஓட வைக்கும். மீண்டும் மீண்டும் கேட்க வைக்கும். தூள் என்கிற ஹெரோயின் வலியை மறக்கடித்து உடம்பையே அடிமையாக்கும். சைக்கடெலிக் என்று சொல்லப்படுகிறவை வேறு இனம். எல்எஸ்டி, காளானில் இருக்கும் சிலோசைபின், பெயோட்டி கள்ளியில் இருக்கும் மெஸ்கலின், அயவாஸ்காவில் இருக்கும் டிஎம்டி ஆகிய நான்கும் பெரும்பாலும் மூளையில் செரட்டோனின் வேலை செய்யும் அதே வாசலில் போய் உட்காருகின்றன. பார்ப்பதும் கேட்பதும் உருமாறும், நேரம் இழுபடும், 'நான்' என்கிற எண்ணமே கரையலாம். ஐஸைப் போல இவை ஆளைப் பிடித்து அடிமையாக்குவது அபூர்வம். அதற்காக ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதே. இவற்றின் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். கஞ்சாவும், கஞ்சா கலந்த மதன மோதகமும் இந்த வரிசையில் சேராதவை. "தியானத்துக்கு நல்லது" என்று எவனாவது ஐஸை நீட்டினால் அவனுக்குத் தியானமும் தெரியாது, ஐஸும் தெரியாது.

2. எது பெரியது என்று கேட்காதே; எப்போது இறங்கும் என்று கேள்.

காளான் நாலு முதல் ஆறு மணி நேரம். அயவாஸ்காவும் ஏறக்குறைய அவ்வளவுதான். மெஸ்கலின் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போகும். எல்எஸ்டி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இரவு ஒன்பது மணிக்கு எடுத்தவன், காலையில் அவன் அம்மா பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்திலும் முழுசாக இறங்கியிருக்க மாட்டான். நடுவில் பயம் பிடித்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குவது போல இறங்க முடியாது. எல்லவோ பள்ளமும் ரயில் பாதையும் உள்ள ஊர். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் பகலில் தெளிவான புத்தியோடு நிற்கிறவனுக்கே கால் கூசும். தூரமும் ஆழமும் தெரியாத கண்ணோடு அங்கே நிற்பவனை மருந்து கொல்ல வேண்டியதில்லை, மலை போதும்.

3. பொருள் பிறந்த இடத்தைப் பார்.

மெக்சிகோவில் ஒவாஹாக்கா மலையில் மசாத்தெக் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அந்தக் குடியில் மரியா சபீனா என்ற மருத்துவச்சி இருந்தார். நோயாளி வந்தால் இரவில் காளான் உண்டு, விடியும்வரை பாடி, நோயின் காரணம் தேடுவார். 1955இல் கோர்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கிக்காரர் அந்தச் சடங்கில் உட்கார்ந்தார். 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஊர் தேடி வெளிநாட்டார் கூட்டம் வந்தது, பொலிஸும் வந்தது, சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. வந்த வெள்ளைக்காரர்கள் கடவுளைக் காணவும் தம்மை அறியவும் காளான் கேட்டார்கள். அவர் மக்களோ நோய் தீரவே அதைக் கேட்டவர்கள். பின்னாளில் அந்த அம்மா இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார்.

பெயோட்டிக்கு அமெரிக்கப் பழங்குடிகளின் தேவாலயமே இருக்கிறது. அங்கே இரவு முழுக்கத் தீயைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஓர் ஆள். அமேசான் காட்டு அயவாஸ்கா ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவது. அந்த இலை, நம் மலைகளில் தேயிலைக்கு முன் நின்ற கோப்பியின் குடும்பத்துச் செடி. கொடி இல்லாமல் இலையை மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகாது, வயிறு அதை உடைத்துவிடும். எதை எதோடு சேர்ப்பது, யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு.

எல்எஸ்டிக்கு மட்டும் ஊர் கிடையாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மருந்துக் கம்பனி ஆய்வுக்கூடத்தில் 1938இல் அல்பர்ட் ஹொஃப்மன் செய்தது. 1943 ஏப்ரல் 19ஆம் தேதி அவர் அதை வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தார். சற்று நேரத்தில் பேச முடியவில்லை. உதவியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சைக்கிளில் வீடு போனார். பக்கத்து வீட்டிலிருந்து பால் வாங்கிக் குடித்தார், டொக்டரை வரவழைத்தார், செத்துப்போகிறேன் என்றே நினைத்தார். அதைச் செய்தவருக்கே துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதை ஞாபகம் வை.

4. நம் ஊரில் நடப்பதைக் கண் திறந்து பார்.

மருந்து எதுவும் இல்லாமல் 'நான்' கரைகிற வழி ஊவாவில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆடி மாதம் கதிர்காமத்தில் தீ மிதிக்கிறவர்களையும், முதுகில் முள் குத்திக் காவடி எடுக்கிறவர்களையும் நீ பார்த்திருப்பாய். அறிஞர் கணநாத் ஒபேசேகர அங்குள்ள சாமியார்களோடும் சாமியார் அம்மாக்களோடும் பேசிப் பழகி, 1981இல் ஒரு புத்தகமே எழுதினார். குடும்பத் துக்கமும் குற்ற உணர்வும் எப்படிச் சடையாகவும் அருளாகவும் உருமாறுகின்றன என்பதுதான் அதில் ஆராய்ச்சி. தன்னை அறிகிற சமாசாரம் வெள்ளைக்காரர்களோடு எல்லவுக்கு வந்து இறங்கியது இல்லை.

தோட்டத்துத் திருவிழாவில் கரகம் பாலிக்கிற இடத்தைக் கவனி. தப்பு அடி மெதுவாகத் தொடங்கும். காப்புக் கட்டிய நாளிலிருந்து அந்த ஆள் ஒரு வேளைதான் சாப்பிட்டிருப்பான். கவிச்சி இல்லை, குடி இல்லை. அடி மாறும்போது தோள் நடுங்கும், கண் நிலைகுத்தும். உடனே பின்னாலிருந்து ஒருவர் இடுப்பில் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் முன்னால் இருக்கிற குழந்தைகளை விலக்குவார். ஒரு பெண் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். பூசாரி திருநீறு போட்டு, வந்திருப்பது யார் என்று கேட்பார். மாரியாத்தாவா, முனியாண்டியா, மாடசாமியா என்று ஊருக்கே பெயர் தெரியும். என்ன கேட்கும் என்றும் தெரியும். எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டியதும் தப்பு நிற்கும். சாமி மலையேறும். ஆடியவனை நிழலில் படுக்க வைத்துப் பிளேன்டீ கொடுப்பார்கள். மறுநாள் அவன் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவான்.

அந்த ஆட்டத்துக்கு முன்னால் விரதம், நடுவில் பிடிக்கிற கை, முடிவில் இறக்குகிறவர், மறுநாள் வேலை. இந்த நான்கும் சபீனாவிடம் இருந்தன. எல்ல டவுனில் ஒருவன் பர்ஸிலிருந்து எடுக்கிற எல்எஸ்டித் தாள் துண்டுக்கு நான்கில் ஒன்றும் கிடையாது. பொருட்களை ஒப்பிடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்.

நம் வழியிலும் கெடுதல் உண்டு. காக்கா வலிப்பை அருள் என்று சொல்லி மருந்தை நிறுத்தியதையும், மனநோய் வந்த பிள்ளையைப் பேயென்று வேப்பங்குச்சியால் அடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். திருவிழா முடிந்த பிறகும் இறங்காத சாமி டொக்டரிடம் காட்ட வேண்டிய சாமி.

5. ஊமத்தையைத் தொடாதே. இதில் 'ஆனால்' கிடையாது.

காசில்லாத பிள்ளைகளுக்கு எவனாவது சொல்லிக் கொடுப்பான்: "வேலியோரத்தில் கிடக்குதே, சிவனுக்குச் சாத்துற பூதானே." சிங்களத்தில் அத்தன என்பது இதுதான். மலைநாட்டு பங்களா ஓரங்களில் தலைகீழாகத் தொங்குகிற பெரிய எக்காளப் பூச் செடியும் இதற்கு நெருங்கிய சொந்தம். உள்ளே இருப்பவை அட்ரோபின், ஸ்கோபோலமின். இவை சைக்கடெலிக் இனமே கிடையாது, விஷம்.

காளான் எடுத்தவன் பெரும்பாலும் தான் காளான் எடுத்திருப்பதை அறிவான். ஊமத்தை தின்றவன் அதையும் அறியமாட்டான். இல்லாத ஆளோடு பேசுவான், இல்லாத சுருட்டைப் பற்ற வைப்பான், உடுப்பில் பூச்சி பொறுக்குவான். தன்னை அறிய என்று தின்றவனுக்கு மறுநாள் ஞாபகமே இருக்காது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டும், தோல் சூடாகவும் உலர்ந்தும் சிவக்கும், கண்மணி பெரிதாக விரியும், சிறுநீர் அடைக்கும், நெஞ்சு படபடவென்று ஓடும். ஒரு காயில் இருக்கும் அளவு இன்னொரு காயில் இருக்காது. குடல் மந்தமாகிவிடுவதால் விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் தெளிந்தால் அதிர்ஷ்டம். மூன்று நாள் போனதும் உண்டு, உயிர் போனதும் உண்டு.

6. மழைக்குப் பிறகு நீயாகக் காளான் பறித்துப் பரீட்சை பார்க்காதே.

இந்த இனத்துக் காளான் நம் நாட்டுக்குப் புதிது இல்லை. சிலோசைபின் உள்ள ஒரு வகையை 1871இல் பெர்க்லி, புரூம் என்ற ஆங்கிலேயர் இருவர் உலகுக்கு முதலில் விவரித்ததே இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். அதனால்தான் இந்த எச்சரிக்கை. கறிக்குக் காளான் எடுக்கிற நம் பாட்டிமாரே தெரிந்த இடத்தில் தெரிந்த காளானைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார்கள். கொல்லும் காளான்களில் கொடியது உடனே காட்டாது. ஆறு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றோட்டம் வரும். பிறகு சுகமானது போல ஒரு நாள் விடும். அதற்குள் ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

7. பெயரைப் பார்த்து நம்பாதே.

எல்எஸ்டி என்று தாளில் ஊற்றி விற்பது பல நாடுகளில் என்போம் எனும் வேறு வேதிப்பொருளாக இருந்திருக்கிறது. அதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். எக்ஸ்டசி என்று விற்கிற மாத்திரையில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. எல்எஸ்டியின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். டிஸ்பென்சரியில் பெனடோலுக்கே லேபிள் பார்த்துக் கொடுத்தவன் நான். லேபிளே இல்லாததை எந்தத் தைரியத்தில் விழுங்குவாய்?

8. சிலர் கிட்டேயே போகக் கூடாது.

உன் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், மாமன்மாரில் யாருக்காவது மனச்சிதைவு நோயோ, வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயோ இருந்தால், இந்தப் பொருள் உன்னிடம் தூங்கிக்கொண்டிருக்கும் நோயை எழுப்பிவிடலாம். "மாமாவுக்குச் செய்வினை" என்று வீட்டில் மூடி மறைத்த கதையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். பெரும்பாலும் இந்த நோய்கள் முதலில் தலை காட்டுவது உங்கள் வயதில்தான்.

மனச்சோர்வுக்கு ஃபுளூக்ஸெட்டின் போன்ற மாத்திரை எடுக்கிறவன் அயவாஸ்காவைக் குடித்தால் இரண்டும் மோதி உயிருக்கே ஆபத்தாகும். லித்தியம் எடுக்கிறவனுக்கு எல்எஸ்டியோ காளானோ வலிப்பைக் கொண்டுவரலாம். இதய நோயாளி, கர்ப்பிணி, சின்னப் பிள்ளை யாருக்கும் ஆகாது. காதல் முறிந்து, கடன் ஏறி, சாக வேண்டும் போல இருக்கிறவன் 'உள்ளே பார்க்க' இதைத் தேடவே கூடாது. அந்த நேரத்தில் 1926க்கு ஃபோன் எடு; மனநல உதவிக்கான இலக்கம் அது.

9. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திக் கேட்காதே.

கெஸ்ட் ஹவுஸ் விறாந்தையில் உட்கார்ந்து வெள்ளைக்காரர் சொல்வது பொய்யாக இருக்காது. 2006இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 36 பேருக்குச் சிலோசைபின் கொடுத்துப் பார்த்தார்கள். அதை வாழ்க்கையின் மிகப் பொருளுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாக மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். அதே அறிக்கையில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடும் பயம் பிடித்தது என்றும் எழுதியிருக்கிறது. வெளிநாட்டு நண்பர் முதல் பாதியைத்தான் சொல்வார்.

அந்த 36 பேரும் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாட்கணக்கில் முன்பேச்சு, எடுத்த நாளில் பழக்கப்பட்ட ஆட்கள் கூடவே இருந்தார்கள், பிறகும் பேசினார்கள். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்குச் சிலோசைபின் கொடுக்கலாம். அதையும் அனுமதி பெற்ற மனநல டொக்டர்தான் கொடுக்க முடியும். ஆராய்ச்சியில் வென்றது மருந்து மட்டும் கிடையாது. மருந்தோடு பிடித்த கையும் சேர்ந்துதான். நம் திருவிழாக்காரர்களுக்கு இதைச் சொன்னால் "இது தெரியாதா?" என்பார்கள்.

10. எடுத்துக் கொடுக்கிற ஆளாக மாறாதே.

ஹோட்டல் பிள்ளைகளிடம் அறைக்குத் துவாய் கேட்பது போலவே "கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்பார்கள். கஞ்சாவுக்கு ஆள் தேடுவார்கள். மொனராகலை, தணமல்வில பக்கம் இருந்து வருகிறதென்று அவர்களுக்கும் தெரியும். நம் நாட்டுச் சட்டத்துக்கு வயது நூறை நெருங்குகிறது: 1929இல் வந்த நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இல் அதைக் கடுமையாக்கினார்கள். 2022இல் வந்த திருத்தப்படி ஐஸ் ஐந்து கிராம் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைவரை போகலாம்.

சுற்றுலாக்காரர் விசா முடிந்து பிளேன் ஏறுவார். பொலிஸில் கையெழுத்து வைப்பதும், பிணைக்கு ஆள் தேடுவதும், உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பதுளைக் கோட்டுக்கு அலைவதும் உன் வீட்டுக் கதையாகும். "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்வதால் டிப்ஸ் குறைந்தால் குறையட்டும்.

11. யாராவது எடுத்துவிட்டுத் தவித்தால் திட்டாதே, பிடி.

அமைதியான அறைக்குக் கூட்டிப் போ. பாட்டை நிறுத்து, பெரிய லைட்டை அணை. பள்ளம், ரோட்டு, தண்டவாளம், தண்ணீர், கத்தி எல்லாவற்றையும் விட்டு விலக்கு. "நீ ஒரு பொருள் எடுத்திருக்கே, இது இறங்கிடும், நான் போகமாட்டேன்" என்பதையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல். கட்டிப் போடாதே, அறையாதே, தேசிக்காய்ச் சாற்றை வாயில் ஊற்றாதே, வாந்தி எடுக்க விரலை விடாதே. சாராயம் கொடுத்துத் தூங்க வைக்கப் பார்க்காதே. சுயநினைவு இருந்தால் தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கக் கொடு.

உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, ஊமத்தையோ காட்டுக் காளானோ தின்றது தெரிந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. 1990க்கு எடு; சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. மயங்கியவனைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வை. மிச்சமிருக்கிற தாள், காய், காளான் எதுவானாலும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டொக்டரிடம் "சாப்பாடு ஒத்துக்கல்ல" என்று பொய் சொல்லாதே. ஊமத்தைக்குப் பார்க்கிற வைத்தியம் வேறு, காளானுக்குப் பார்க்கிற வைத்தியம் வேறு. பிறகு பழக்கத்தை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.

12. தன்னை அறிகிற ஆசையை விட்டுவிடாதே.

உங்கள் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு "நான் யார், இந்தத் தோட்டத்துக்கு வெளியே எனக்கு என்ன இருக்கிறது?" என்று தோன்றுவது நியாயம். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து எல்எஸ்டி ஆராய்ச்சியில் இறங்கிய ரிச்சர்ட் அல்பர்ட் என்பவர் 1967இல் இந்தியாவுக்கு வந்து நீம் கரோலி பாபாவிடம் சேர்ந்து ராம் தாஸ் ஆனார். பாபாவுக்கு நிறைய எல்எஸ்டி கொடுத்தும் அவரிடம் ஒரு மாற்றமும் காணவில்லை என்று ராம் தாஸே எழுதியிருக்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் எடுத்துக்கொள்வது வேறு: மருந்தில் எவ்வளவோ பார்த்த பேராசிரியரும் கடைசியில் ஒரு மனுஷர் காலடியைத் தேடித்தான் போனார். ஏறிய ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டியிருந்தது அவருக்குச் சலித்துப் போயிருந்தது.

உனக்கு வழி வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறது. கதிர்காமத்துக்கு விரதம் இருந்து நடந்து போ. காமன் கூத்துக்கு வேஷம் கட்டு. மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லிக் கொடுக்கிற பன்சலை எல்லாத் திசையிலும் இருக்கிறது. பள்ளிவாசலும் சேர்ச்சும் இருக்கின்றன. கோயிலே வேண்டாம் என்றால் ஒரு கொப்பி வாங்கி, படுக்கப்போகும் முன் அன்று யார்மேல் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று எழுது. மெதுவான வேலைதான். ஆனால் பயந்தால் அந்த நிமிஷமே நிறுத்தலாம். எழுதியது மறுநாள் காலையிலும் உன் கையில் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு யாராவது எதையாவது நீட்டினால் மூன்று கேள்வி கேள்: இது என்னவென்று நிச்சயமாகத் தெரியுமா? நான் விழுந்தால் விடியும்வரை பிடிப்பது யார்? நாளைக்கு என் வேலைக்கும் வீட்டுக்கும் பதில் சொல்வது யார்? மூன்றுக்கும் பெயரோடு பதில் வராவிட்டால் "நோ, தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போ. சம்பளத்தை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடி.